ஆட்டம் ஓய்ந்த மாதங்களில்

வானகரம் என்றால் 2022-இல் நடந்த அ.தி.மு.க. பொதுக்குழு பலருக்கு நினைவு வரும். விடியற்காலையில் எழுபவர்களுக்கு மீன் மார்க்கெட். வானொலி யாருக்கும் நினைவு வராது. ஆனால் பக்கத்து ஆவடியில்தான் சென்னை வானொலியின் மீடியம் வேவ் கோபுரங்கள் நிற்கின்றன. ஒரு காலத்தில் சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானத்தில் ஒருவர் மைக்கில் சொன்னது ஆவடியில் ஏறி, பூந்தமல்லி நெடுஞ்சாலையோர டீக்கடை டிரான்சிஸ்டரில் வந்து இறங்கும்.

அந்தக் குரல்களில் கூத்தபிரான், ராமமூர்த்தி, அப்துல் ஜப்பார் மூவரையும் பழைய நேயர்கள் இன்றும் பெயர் சொல்லித்தான் பேசுவார்கள். கிரிக்கெட்டுக்குத் தமிழில் நேர்முக வர்ணனை எடுபடுமா என்று உதட்டைப் பிதுக்கியவர்கள் இருந்த காலம் அது. கூத்தபிரான் சிறுவர்களுக்கு வானொலி அண்ணா. ஜப்பார் நாடகக் குரல். கதை சொல்லத் தெரிந்தவர்கள் கையில் பந்து வசமாகத்தான் சிக்கியது.

ஆட்டம் முடிந்தால்? வானொலி பாட்டுக்குத் திரும்பிவிடும்.

அமெரிக்காவில் அப்படி விடவில்லை. குளிர்காலத்தில் பேஸ்பால் கிடையாது. ஊர்க்கடை அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து யாரை வாங்கலாம், யாரை விற்கலாம் என்று அளப்பார்கள். அதற்கு 'சூடான அடுப்பு லீக்' என்றே பெயர். அந்தப் பேச்சு வானொலிக்கும் ஏறியது. 1987 ஜூலையில் நியூயார்க்கில் நாள் முழுக்க விளையாட்டு மட்டுமே பேசும் டபிள்யூ.எஃப்.ஏ.என். நிலையம் தொடங்கியது. நேயர் போன் போட்டுத் திட்டலாம், அதுதான் நிகழ்ச்சியே.

இங்கே தனியார் பண்பலைகள் வந்தபோது சினிமாப் பாட்டு முழு இடத்தையும் பிடித்துக்கொண்டது. செய்திக்கு அனுமதி இல்லை. பண்பலைக்கான 2011 கொள்கைகூட நேரடி வர்ணனையில் உள்ளூர் ஆட்டங்களுக்கு மட்டுமே இடம் தந்தது. போன் போட்டுத் திட்ட வேண்டியவர்கள் டீக்கடையிலும் சலூனிலும் திட்டித் தீர்த்தார்கள்.

அவர்களுக்குத் தீனி குறைந்ததில்லை. 1986 செப்டம்பர் 22, சேப்பாக்கம். ஆஸ்திரேலியா வைத்த இலக்கு 348, இந்தியா 347. எதிர்முனையில் ரவி சாஸ்திரி 48 ரன்னோடு நிற்க, கடைசி ஓவரின் ஐந்தாவது பந்தில் மனிந்தர் சிங்குக்கு எல்.பி.டபிள்யூ. டெஸ்ட் வரலாற்றில் இரண்டாவது 'டை'. பந்து மட்டையில் பட்டது என்றார் மனிந்தர். கை தூக்கிய நடுவர் விக்ரம்ராஜு அதன்பின் எந்த டெஸ்டிலும் நிற்கவில்லை. ஒரு ஓய்வுக்காலத்துக்கு இது போதாதா? நாற்பது வருஷம் ஓடியிருக்கிறது.

2020 பொதுமுடக்கத்தில் உலகெங்கும் ஆட்டம் நின்றபோதுதான் அந்தப் பேச்சுக்குப் பெரிய ஒலிபெருக்கி கிடைத்தது. மேற்கு மாம்பலத்துக் கிரிக்கெட் வீரர் அஸ்வின் தன் யூடியூப் சேனலில் பேச உட்கார்ந்தார். ஆடியவரே அளந்தால் டீக்கடை என்ன செய்யும்? அதுவும் கேட்டது, கூடவே மறுத்தும் பேசியது.

இப்போது ஓய்வுக்காலத்தின் உச்சம் ஐ.பி.எல். ஏலம். 2021 பிப்ரவரி 18 அன்று அது சென்னையிலேயே நடந்தது. கிருஷ்ணப்ப கௌதமைச் சென்னை அணி 9.25 கோடிக்கு எடுத்தது. அதுவரை இந்தியாவுக்கு ஆடியிராத இந்திய வீரர் ஒருவருக்கு அன்றைக்கு அதுதான் அதிக விலை. எங்கே இறக்குவார்கள், யாருக்குப் பதில் என்று ஏப்ரல்வரை கணக்குப் போட்டார்கள். அந்த சீசனில் அவருக்கு ஒரு ஆட்டம்கூடக் கிடைக்கவில்லை. கோப்பையை சென்னைதான் தூக்கியது.