பதினாறு பொத்தானும் ஒரு மோட்டாரும்

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலில் அரையர் சேவை நடக்கும்போது தாளத்துக்கென்று பக்கவாத்தியக்காரர் யாரும் உட்காருவதில்லை. கூம்புக் குல்லாய் அணிந்து பாசுரம் பாடுகிறவர் கையிலேயே தாளமும் இருக்கிறது. எங்கே தட்டுவது, எங்கே நிறுத்திப் பொருளுக்கு அபிநயம் பிடிப்பது என்பதெல்லாம் அவர் முடிவு. இதற்கு நேர் எதிர்முனையில் நிற்பது, தமிழ்நாட்டின் எத்தனையோ சிறு கோயில்களில் தீபாராதனை நேரத்தில் ஸ்விட்சைத் தட்டியதும் ஓடத் தொடங்கும் மோட்டார் மேளம். இரும்புச் சட்டத்தில் ஒரு முரசு, இரண்டு மூன்று மணிகள், ஒரு சேகண்டி, கீழே ஒரு சிறு மோட்டார். பெல்ட் சக்கரத்தைச் சுற்ற, சக்கரம் கம்பிகளைத் தூக்கிவிட, கம்பி நுனி தோலிலும் வெண்கலத்திலும் போய் விழுகிறது. சக்கரத்தின் மேடுபள்ளம் எப்படியோ அப்படித்தான் தாளம். மாற்ற வேண்டுமென்றால் சக்கரத்தையே கழற்ற வேண்டும். இந்த இரண்டு முனைகளுக்கும் நடுவில் எங்கோதான் டிரம் மெஷின் என்ற கருவியின் வரலாறு கிடக்கிறது. நாற்பது வருடத்துக்கு முந்தைய அந்தப் பெட்டிகளை இன்று லேப்டாப்பில் மென்பொருளாக மறுபடி செய்கிறார்கள். அப்படிச் செய்கிறவர்கள் காப்பாற்ற வேண்டியது பழைய ஒலியைக் காட்டிலும், அந்தப் பெட்டியில் மனிதன் கைவைக்க விடப்பட்டிருந்த இடத்தைத்தான் என்பது இந்தக் கட்டுரையின் கட்சி.

மோட்டார் மேளத்தின் மேல் ஒரு பழி உண்டு: அது வந்துதான் நாதஸ்வரக்காரரையும் தவில்காரரையும் கோயிலைவிட்டு வெளியேற்றியது என்று. பழியில் பாதி நியாயம்தான். பெரிய கோயில்களில் மேளக்காரர் இன்றும் இருக்கிறார். பங்குனி உத்திரத் திருக்கல்யாணத்துக்கோ ஆடிப்பூரத் தேருக்கோ மெஷினை ஓட்டிச் சமாளிக்க யாரும் துணிவதில்லை. மெஷின் நுழைந்தது ஒருகாலப் பூசைக்கே எண்ணெய் தேட வேண்டியிருந்த கோயில்களில். ஊழியத்துக்கு விட்ட மானிய நிலம் கைமாறி, மாதச் சம்பளமாக நின்ற சொற்பத் தொகைக்கு அடுத்த தலைமுறை வர மறுத்து, மேளம் வாசித்த இடம் காலியாகக் கிடந்த பிறகு அங்கே வந்து நின்றது இரும்புச் சட்டம். ஆகவே அது ஆளை விரட்டியது என்பதைவிட, ஆள் திரும்பி வராமல் பார்த்துக்கொண்டது என்பதே பொருத்தம். இரண்டாவது குற்றம் முதலாவதைவிடச் சிறியதல்ல. ஸ்விட்சைப் போடுகிறவருக்குத் தாளம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தெரிந்திருந்தாலும் அதை வைத்து அந்தக் கருவியில் செய்வதற்கு ஒன்றுமில்லை. வேகத்தைக்கூட மோட்டார்தான் வைத்திருக்கிறது.

இதே உடலமைப்புடன் 1959-இல் அமெரிக்காவில் ஒரு பெட்டி விற்பனைக்கு வந்தது. வுர்லிட்சர் கம்பெனி அதற்கு வைத்த பெயர் சைட்மேன், அதாவது பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பவன். உள்ளே மோட்டாரில் சுழலும் ஒரு தட்டு. தட்டின் முகத்தில் உலோகத் தொடுபுள்ளிகள். புள்ளி தொடும்போதெல்லாம் வால்வு சர்க்யூட் ஒன்று டிரம் போல ஒலிக்கும். வால்ட்ஸ், டாங்கோ, ஃபாக்ஸ்ட்ராட் என்று கம்பெனி தந்ததைத்தான் வாசிக்கும். வீட்டில் ஆர்கன் வாசிப்பவர்களுக்காகச் செய்யப்பட்ட கருவி அது. அங்கேயும் இசைக்கலைஞர் சங்கம் எதிர்ப்புத் தெரிவித்தது. மோட்டார் மேளமும் சைட்மேனும் ஒன்றைப் பார்த்து ஒன்று செய்ததாக நினைக்க வேண்டியதில்லை. ஆளில்லாத இடத்தை இயந்திரத்தால் நிரப்ப நினைத்தால் யார் கைக்கும் முதலில் தோன்றுவது சுழலும் சக்கரம்தான்.

சக்கரத்திலிருந்து வெளியே வந்தது ஜப்பானில். 1960-களில் ஏஸ் டோன் என்ற கம்பெனியில் ரிதம் பெட்டிகள் செய்துவந்த இகுதாரோ ககேஹாஷி 1972-இல் ரோலண்டைத் தொடங்கினார். அந்தக் கம்பெனி 1980-இல் வெளியிட்ட டி.ஆர்-808-இன் முகப்பில் கீழ் வரிசையாகச் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், வெள்ளை நிறங்களில் பதினாறு பொத்தான்கள் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு தட்டுக்கான இடம். அழுத்தினால் அந்த இடத்தில் அடி விழும். மறுபடி அழுத்தினால் விழாது. மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே இதைச் செய்யலாம். எளிமையான ஏற்பாடுதான், ஆனால் தாளத்தைக் கலைத்துப் போடும் உரிமை கம்பெனியிடமிருந்து வாங்கியவனுக்கு மாறியது. ஒலியைப் பொறுத்தவரை 808 படுதோல்வி. அதே 1980-இல் ரோஜர் லின் கொண்டுவந்த எல்.எம்-1 உண்மையான டிரம்மின் பதிவையே டிஜிட்டலாக உள்ளே வைத்திருந்தது. விலை நான்கு மடங்குக்கும் மேல். 808-இலோ பதிவு எதுவுமில்லை. அதன் மாட்டுமணி ஒலி இரண்டு சதுர அலைகளின் சேர்க்கை; ஹை-ஹாட் ஆறு ஆஸிலேட்டர்களின் இரைச்சல்; பேஸ் டிரம் ஒரு சர்க்யூட்டைச் சுண்டிவிட்டால் எழும் அதிர்வு. அதன் சிம்பலின் சிர்ரென்ற ஓசைக்குத் தேவைப்பட்டது தரக்குறைவான ஒரு வகை டிரான்ஸிஸ்டர். செமிகண்டக்டர் தொழில் திருந்தி அப்படிப்பட்ட பழுதுச் சரக்கு கிடைக்காமல் போனதும் தயாரிப்பு நின்றது. 1983-க்குள், சுமார் 12,000 பெட்டிகளோடு கதை முடிந்தது.

முடிந்த கதை பழைய சாமான் கடைகளில் மறுபடி தொடங்கியதும், கறுப்பின இளைஞர்களின் ஹிப்-ஹாப்பும் டெட்ராய்ட்டின் டெக்னோவும் அதன்மேல் எழுந்ததும் பலரும் அறிந்ததே. இந்தியாவில் இதற்குச் சற்று விசித்திரமான முன்கதை உண்டு. பம்பாய்த் திரையிசையில் கிட்டார் வாசித்த சரண்ஜித் சிங் 1982-இல் 808-ஐயும் அதன் தோழனான டி.பி-303 என்ற பேஸ் பெட்டியையும் வைத்துக்கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஹெச்.எம்.வி. வழியாக ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். விற்கவில்லை. 2010-இல் மறுவெளியீடு கண்டபோதுதான் உலகம் வாயைப் பிளந்தது. சென்னையில் கணினி வழித் தாளம் புழங்கத் தொடங்கியது எண்பதுகளின் நடுவில். இளையராஜாவின் ‘புன்னகை மன்னன்’ 1986-இல் வந்தது, ஏ.ஆர். ரகுமானின் ‘ரோஜா’ 1992-இல். ஆனால் ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் எலெக்ட்ரானிக் தாளம் நேரில் வந்தது ரெக்கார்டிங் தியேட்டர் வழியாக அல்ல, திருவிழா மேடை வழியாக. மாரியம்மன் பூக்குழிக்கும் கோயில் கொடைக்கும் வரும் மெல்லிசைக் குழுவில் கீபோர்டுக்குப் பக்கத்தில் ஒருவர் நின்றபடி பேட் வாசிப்பார். ரோலண்டின் ஆக்டபேட் 1985-இல் பிறந்தது. அதன் பின்வாரிசான எஸ்.பி.டி-20 வந்த பிறகு நாட்டில் பேட் இல்லாத ஆர்கெஸ்ட்ராவைத் தேட வேண்டியிருந்தது. எட்டு ரப்பர் கட்டத்தில் தபலா, தவில், டோலக், உறுமி எல்லாம் அடங்கிவிட்டதில் நான்கைந்து வாத்தியக்காரரின் கூலி மிச்சம். அதில் எனக்குச் சந்தேகமில்லை. இருந்தும் குச்சி ஒரு மனிதன் கையில் இருந்தது. பாடகர் சரணத்தில் இழுத்தால் பேட்காரர் இழுத்தார். கீபோர்டில் பொத்தானைத் தட்டினால் தானாக ஓடும் தாளம் அப்போதே கிடைத்தது. மேடைகள் அதை நம்பாமல் பேட்காரருக்குச் சம்பளம் கொடுத்தன.

இனி மென்பொருளுக்கு வருவோம். 1997-இல் ஸ்வீடனின் ப்ரொப்பெல்லர்ஹெட் கம்பெனி ரீபர்த் என்ற மென்பொருளை வெளியிட்டது. 808-உம் இரண்டு 303-களும் பொத்தானோடும் திருகோடும் கணினித் திரையில் வந்து உட்கார்ந்தன. அதற்குப் பிறகு வந்தவற்றை இரண்டு வழியாகப் பிரிக்கலாம். பழைய பெட்டியின் ஒவ்வொரு ஒலியையும் பதிவுசெய்து சாம்பிளாக வைத்துக்கொள்வது ஒரு வழி. சர்க்யூட்டின் ஒவ்வொரு உறுப்பும் என்ன செய்கிறது என்பதைக் கணக்காக எழுதி, அடி விழும்போதெல்லாம் அந்தக் கணக்கைப் புதிதாகப் போடுவது மற்றொரு வழி. ஸ்டான்ஃபோர்டில் கர்ட் வெர்னரும் உடனிருந்தவர்களும் 2014-இல் 808-இன் பேஸ் டிரம்மை இப்படிப் பகுத்து வெளியிட்டார்கள். ஒலி அடங்கும்போது சுருதி பெருமூச்சுபோல் இறங்குவது எதனால் என்பதைக்கூட அவர்கள் சர்க்யூட்டில் கசியும் மின்னோட்டம்வரை போய்க் கண்டுபிடித்தார்கள். முதல் அடியின் அதிர்வு ஓயுமுன் இரண்டாவது விழுந்தால் இரண்டும் எப்படிக் கலக்கும் என்பது சாம்பிளுக்குத் தெரியாது; கணக்குக்குத் தெரியும். எந்த இரண்டு 808-உம் ஒன்றுபோல் ஒலிக்காது என்பதையும் அந்தக் கணக்கில் எழுதலாம், ஏனெனில் ஒவ்வொரு ரெஸிஸ்டரும் குறித்த மதிப்பிலிருந்து ஒரு மயிரிழை விலகியே இருக்கும். அரையர் மரபின் மூலவராகப் போற்றப்படும் நாதமுனிகளைப் பற்றிக் குருபரம்பரையில் ஒரு கதை உண்டு: நாலாயிரம் தாளங்களை ஒரே நேரத்தில் ஒலிக்கச் செய்து, இன்ன தாளம் இன்ன எடை என்று ஒவ்வொன்றையும் பிரித்துச் சொன்னாராம். நம்புவதும் நம்பாததும் அவரவர் இஷ்டம். ஒலியில் உலோகத்தின் எடை இருக்கிறது, அதைக் காதால் எடுக்க முடியும் என்ற எண்ணம் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு அன்னியமானதல்ல என்பதற்காகச் சொன்னேன்.

கேட்பவனுக்குச் சாம்பிள் போதாதா, பாட்டில் யார் இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கப்போகிறார்கள் என்று கேட்பது நியாயமான கேள்வி. ஒரு முறை கேட்டுவிட்டுப் போகிறவருக்குப் போதும். ஆனால் செய்கிறவருக்குப் போதாது. சாம்பிளில் ஒலி முடிந்துபோன காரியம். திருகைத் திருப்பினால் கேட்டதையே கூட்டிக் குறைத்துக் கேட்கலாம், கேட்காத ஒன்று பிறக்காது. ஸ்விட்ச் மட்டுமே வைத்திருக்கும் மோட்டார் மேளத்துக்குத் திரும்பிப் போகும் வழி அதுதான். இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. பதினாறு கட்டம் என்பதே மேற்கத்திய நாலு தட்டின் அச்சு, அதைக் காப்பாற்றுவதால் நமக்கென்ன என்பது அது. ஆதி தாளத்தின் எட்டு அட்சரத்தை இரண்டிரண்டாகப் பிரித்தால் ஓர் ஆவர்த்தனம் பதினாறில் அப்படியே உட்காரும். 808-இல் கடைசிக் கட்டத்தை நகர்த்தலாம். பதினாலில் நிறுத்தினால் மிஸ்ர சாப்பு, பத்தில் நிறுத்தினால் கண்ட சாப்பு. எல்லாரும் பதினாறிலேயே நின்றது சோம்பலால். ஆட்சேபத்தில் உண்மையுள்ள பகுதி வேறு: ஓர் ஆவர்த்தனத்துக்குள்ளேயே சதுஸ்ரத்திலிருந்து கண்ட நடைக்குத் தாவித் திரும்புவதற்கு அந்தக் கட்டங்களில் இடமில்லை. வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து உறுமியை முனக வைப்பதற்கும் இடமில்லை, ஏனென்றால் அது அடியே அல்ல. எங்கே தொடங்கியது என்று ஒரு கட்டத்தைச் சுட்ட முடியாது. இந்தக் குறையை நிரப்பப் பழைய பெட்டியைத் திருத்தினால் பழைய பெட்டி போய்விடும். நமக்கு வேண்டிய கருவியை நாமே புதிதாகச் செய்வதுதான் முறை.

செய்வதற்குத் தடையாக நிற்பது தொழில்நுட்பம் அல்ல. 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கியதிலிருந்து பெல்ட்டும் கியரும் அந்த ஊருக்குப் பழக்கம். மோட்டார் மேளத்தை ஒரு மில் ஃபிட்டர் திறந்தால் அரைமணியில் புரிந்துகொள்வார். மென்பொருள் அப்படித் திறந்து கிடப்பதில்லை. ரீபர்த்தின் ஐபேட் வடிவம் 2017-இல் ரோலண்டின் ஆட்சேபத்தால் விற்பனையிலிருந்து இறங்கியது. மறுவருடமே ரோலண்ட் தன் சொந்த 808 மென்பொருளைச் சந்தாவுக்குக் கொடுத்தது. கம்பெனியின் உரிமையை நான் மறுக்கவில்லை. இருபது வருடம் ஒருவர் விரல் பழகிய கருவி, யாரோ இருவர் தகராறில் காணாமல் போகலாம் என்பது மட்டும் கவனிக்கத்தக்கது. ஆனால் அதே ரோலண்ட் எண்பதுகளில் பழுதுபார்ப்பவர்களுக்காக அச்சிட்ட சர்வீஸ் புத்தகத்தில் 808-இன் முழு சர்க்யூட்டும் இருந்தது. வெர்னர் போன்றவர்கள் பகுத்துப் பார்க்க முடிந்தது அது கையில் கிடைத்ததால். தவிலுக்கு அப்படி ஒரு புத்தகம் வேண்டும். வலந்தலையைத் தட்டும் விரலில் மாவுப்பசை வைத்து இறுக்கிய கூடு எவ்வளவு கெட்டி, தொப்பியில் விழும் பூவரசங்கழி எவ்வளவு கனம், தோலின் இழுப்பு வெயிலில் எவ்வளவு ஏறுகிறது, மழையில் எவ்வளவு தளர்கிறது என்பதெல்லாம் இன்று கருவி கட்டுகிறவர், வாசிக்கிறவர் தலைக்குள் இருக்கின்றன. விற்பனையில் கிடைக்கும் ‘தவில்’ சாம்பிள்களில் இவற்றில் ஒன்றும் கிடையாது. அவற்றை அளந்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி அச்சிடுவதுதான் முதல் வேலை. அதற்கு மென்பொருள் எழுதத் தெரிந்தவரோடு ஒரு தவில்காரரும் சம்பளத்துக்கு உட்கார வேண்டும்.