துல்லியமா, இதமா? ஒரு நூறு வருடச் சண்டை

பாட்டுக் கேட்கும் செட் பற்றிப் பேச்சு வந்தால் எங்கள் கொல்கத்தா தமிழ் நண்பர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். மிருதங்கத்தில் விரல் படுவதுகூடத் தனியாகக் கேட்க வேண்டும் என்பது ஒரு கட்சி. மூன்று மணி நேரம் கேட்டாலும் காது நோகக் கூடாது என்பது இன்னொன்று. நான் பி.காம். படித்த வங்கிக்காரன். பழைய பேரேட்டைப் புரட்டினால்தான் எனக்கு எதுவும் விளங்கும் :-) புரட்டினேன்.

1902-ல் இதே ஊரில் கௌஹர் ஜான் பாடியது ஒரு கூம்புக் குழலுக்குள். மைக் கிடையாது. குரலின் வேகமே ஊசியை அசைத்து மெழுகுத் தட்டில் கோடு போட வேண்டும். அந்த முறையில் சுமார் 2,500 ஹெர்ட்ஸுக்கு மேல் அதிகம் பதியாது. 1925-ல் மைக் வைத்துப் பதியும் மின்முறை வந்ததும் அந்த எல்லை ஏறக்குறைய இரண்டு மடங்கானது. எல்லோரும் கொண்டாடினார்களா? இல்லை. லண்டன் 'கிராமபோன்' பத்திரிகையைத் தொடங்கிய காம்ப்டன் மெக்கென்ஸியே முதலில் முகம் சுளித்தார். புதிய இசைத்தட்டுகள் வீட்டிலிருந்த பழைய பெட்டிகளில் கீச்சிட்டன. அதே 1925-ல் விக்டர் கம்பெனி, கூம்பைக் கணக்குப் போட்டு வடிவமைத்த ஆர்த்தோஃபானிக் பெட்டியைக் கொண்டுவந்தது. அதில் புதிய தட்டுகள் நன்றாகவே பாடின.

1982 அக்டோபரில் ஜப்பானில் சி.டி. வந்தபோதும் இதே கதைதான். துல்லியம், ஆனால் உறுத்துகிறது என்றார்கள். சோனியின் முதல் பிளேயரில் 20,000 ஹெர்ட்ஸுக்கு மேல் சட்டென்று வெட்டும் வடிகட்டி இருந்தது. ஃபிலிப்ஸ் நான்கு மடங்கு வேகத்தில் எண்களைக் கணக்கிட்டதால் மென்மையான வடிகட்டியே போதுமானது. பின்னாளில் மற்றவர்களும் அந்த வழிக்கே வந்தார்கள். எல்.பி.க்காகத் தயாரித்த நாடாக்களை அப்படியே சி.டி.யில் ஏற்றியதும் உறுத்தலுக்கு ஒரு காரணம்.

1970-களில் பி.பி.சி. பொறியாளர்கள் ஒலிபரப்பு வேன்களுக்காக எல்.எஸ்.3/5ஏ என்ற சின்ன ஸ்பீக்கரைச் செய்தார்கள். ஒலியில் உள்ள குறையைக் கண்டுபிடிப்பதுதான் அதன் வேலை. வீட்டில் கேட்பவர்களோ மனிதக் குரல் அதில் இதமாக இருக்கிறது என்று தேடி வாங்கினார்கள்.

ஆக, ஒவ்வொரு முறையும் உறுத்தியது துல்லியம் அல்ல, வழியில் சேர்ந்த பிழை. கடையில் ஐந்து நிமிடம் கேட்கும்போது, ட்ரெபிளைத் தூக்கிவிட்ட செட்தான் துல்லியமாகத் தோன்றும். வீட்டுக்கு வந்த மறுவாரம் கை தானாக வால்யூமைக் குறைக்கும்.

வெளியூரில் வளரும் நம் பிள்ளைகளுக்கு இது சின்ன விஷயம் இல்லை. கச்சேரியும் பழைய பாட்டும் அவர்கள் காதுக்குப் போவது பெரும்பாலும் அந்தப் பெட்டி வழியாகத்தான். சத்தம் உறுத்தினால், "அப்பா, அணைச்சிடுங்களேன்" என்பார்கள். பெட்டியின் குற்றம் பாட்டின் தலையில் விழும்.

அதனால் கடைக்குப் போனால் நன்றாகப் பழகிய ஒரு குரலைப் போடச் சொல்லி அரைமணி நேரம் உட்காருங்கள். வீட்டில் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போங்கள். யாரும் எழுந்து வெளியே போகவில்லை என்றால் விலை பேசலாம்.