அண்ணாவியார்: ஒரு சொல்லும் ஒரு புலமையும்

ஒரு சமூகம் எத்தகைய அறிவைப் புலமையென மதிக்கின்றது என்பதை, அவ்வறிவுடையோர்க்கு அது வழங்கும் பெயர்களைக் கொண்டு ஓரளவு அறியலாம். ஈழத்துத் தமிழ்ப் பேச்சு வழக்கில் நோய் தீர்ப்பவர் பரிகாரியார். மரவேலை வல்லவர் ஓடாவியார். சோதிடம் வல்லவர் சாத்திரியார். இவை ஒவ்வொன்றும் ஒரு துறையைச் சுட்டி நிற்பவை. இவ்வரிசையில் வைத்து எண்ணப்படும் அண்ணாவியார் என்னும் சொல்லுக்கு, ‘கூத்துப் பழக்குபவர்’ என்றே இன்று பலரும் பொருள் கொள்வர். இப்பொருள் பிழையானதன்று. ஆயின், அது பரந்ததொரு பொருளின் எஞ்சிய பகுதியேயாம். எஞ்சியது எவ்வாறு, இழந்தது யாது என்பதை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அண்ணாவி என்பதற்கு ஆசிரியன், உபாத்தியாயன் என்னும் பொருளும் உண்டு. தமிழகத்தின் தென்பகுதியிலே திண்ணைப் பள்ளியில் எழுத்தும் எண்ணும் கற்பித்தவர் அண்ணாவி என அழைக்கப்பட்டார். அதிராம்பட்டினத்து முஸ்லிம் புலவர் மரபொன்று அண்ணாவியார் என்னும் பெயரையே தன் அடையாளமாகக் கொண்டிருந்தது. எனவே எழுத்தறிவித்தல், பாப்புனைதல், ஆடல் பழக்குதல் ஆகிய மூன்றனையும் இச்சொல் தழுவி நின்றமை தெளிவு. கற்பிப்பவன் என்பதே இவற்றின் பொதுக்கூறு.

கூத்தும் பள்ளியும் இவ்வாறு ஒரு சொல்லாற் பிணைக்கப்பட்டமை தற்செயலானதன்று என்பதற்கு மட்டக்களப்புக் கூத்து மரபே சான்று தருகின்றது. அங்கு கூத்துப் பழக்கத் தொடங்கும்போது, ஆடுவோருக்குரிய பாத்திரங்களைத் தீர்மானித்து அவரவர் பாடல்களை வழங்கும் நிகழ்ச்சி ‘சட்டம் கொடுத்தல்’ எனப்படும். சட்டம் என்பது எழுதுவதற்கென வாரிச் செப்பஞ் செய்யப்பட்ட பனையோலை. திண்ணைப் பள்ளியிலும் இவ்வோலையே மாணவனின் ஏடு; அங்கு மூத்த மாணாக்கன் சட்டாம்பிள்ளை எனப்பட்டதும், யாழ்ப்பாணத்தில் ஆசிரியர் சட்டம்பியார் எனப்பட்டதும் இதனோடு ஒப்புநோக்கத்தக்கன. அண்ணாவி, சட்டம் ஆகிய இரண்டும் பள்ளிக்கும் களரிக்கும் பொதுவாயிருந்தமையை நோக்குமிடத்து, கூத்துக் களரி கிராமத்தின் மற்றொரு பள்ளியாகவே இயங்கியது எனக் கொள்ளுதல் பொருந்தும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இவ்விரண்டும் வெவ்வேறு வழிச் சென்றன. 1816 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசனரிமார் 1823 இல் வட்டுக்கோட்டைச் செமினரியை நிறுவினர். 1848 இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையிற் சைவப் பாடசாலையைத் தொடங்கினார். நோக்கத்தால் மாறுபட்டனவெனினும், இரண்டும் அச்சிட்ட புத்தகம், வகுப்பு, பரீட்சை என்னும் ஒழுங்கினையே நாடின. அரசாங்க நன்கொடையும் மேற்பார்வையும் தொடர்ந்து வந்தன. புதிய பள்ளியின் ஆசிரியர் சம்பளமும் சான்றிதழும் உடையவர். அண்ணாவியென்னும் பெயர் அவருக்குப் பொருந்தவில்லை. பள்ளி கைவிட்ட சொல்லைக் களரி காத்துக்கொண்டது.

களரியிலே அச்சொல் குறித்த புலமை யாது? வடமோடி, தென்மோடி ஆகிய இருவகைக் கூத்துக்களிலும் அண்ணாவியாரே மத்தளம் கொட்டித் தாளக்கட்டுச் சொல்லி ஆட்டத்தை நடத்துகின்றார். ஒவ்வொரு பாத்திரத்தின் வரவுக்கும் உரிய தாளமும் ஆட்டமும் அவருக்கு மனப்பாடம். ஆடுவோனது குரல், உடல்வாகு, இயல்பு ஆகியவற்றைக் கணித்து இன்னார்க்கு இன்ன வேடமெனத் தீர்மானிப்பதிலும் அவர் சொல்லுக்கே மதிப்பு. பல மாதங்கள் நீளும் பயிற்சியில் சட்டம் கொடுத்தல், சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல், அரங்கேற்றம் என்னும் படிகள் ஒவ்வொன்றும் அவர் முன்னிலையிலேயே நிகழ்வன. ஏட்டைக் கையிற்கொண்டு பாடலை எடுத்துக் கொடுப்பவர் ஏட்டண்ணாவியார் என அழைக்கப்படுவதும் உண்டு. இசை, ஆடல், இலக்கியம், மனிதரை அறியும் அறிவு ஆகியன ஒருவரிடத்தே ஒருங்கிணைந்த நிலையையே இச்சொல் குறிக்கின்றது.

இப்பெயரை வழங்குவதும் ஊரே. இதற்கெனப் பரீட்சையோ பட்டமளிப்போ இல்லை. ஆடிப் பழகி, மத்தளம் பழகி, தானே ஒரு கூத்தைப் பழக்கி அரங்கேற்றியவனை ஊர் அண்ணாவியார் என விளிக்கத் தொடங்கும். ‘ஆர்’ விகுதியே அவனது சான்றிதழ்.

இம்மரபினை இலட்சியமாக்குதலும் தகாது. பெண்பாத்திரங்களையும் ஆண்களே ஏற்று ஆடியமையால், பெண்ணொருத்தி களரியிற் பழகி இப்பெயரை எய்தும் வழி மரபில் அடைபட்டிருந்தது. ஊரின் சாதியடுக்கும் எவர் எந்த அரங்கில் ஆடலாம் என்பதைத் தீர்மானித்தது. அண்ணாவி என்னும் சொல் ஆண்பால் விகுதி பெற்றதன்று. தடை சமூகத்திலேயே இருந்தது.

1950களின் பிற்பகுதியிலிருந்து பேராசிரியர் சு. வித்தியானந்தன் மேற்கொண்ட முயற்சிகளினால் கூத்து பல்கலைக்கழகத்தின் கவனத்தைப் பெற்றது. 1962 இல் அலங்கார ரூபன் நாடகத்தை அவர் பதிப்பித்தார். அதே ஆண்டிற் பேராதனையிற் கர்ணன் போர் மேடையேறியது. மாணவர்க்கு ஆட்டம் பழக்கியவர் வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியார். நொண்டி நாடகம், இராவணேசன், வாலிவதை ஆகியன தொடர்ந்தன. படித்தோர் புறக்கணித்திருந்த ஒரு கலையை மதிப்புக்குரியதாக்கியமை இம்முயற்சியின் பெருஞ்சாதனையாகும்.

எனினும் புலமை நிலைநின்று நோக்கின் வேறொரு மாற்றமும் புலனாகின்றது. விடியவிடிய வட்டக்களரியில் ஆடப்பட்ட கூத்து, படச்சட்ட மேடைக்கெனச் சுருக்கப்பட்டபோது, எதனை விடுவது, ஆடுவோன் எத்திசை நோக்குவது என்னும் தீர்மானங்கள் பல்கலைக்கழகத்தாரின் கைக்கு வந்தன. நெறியாளர், ஒளியமைப்பாளர், பதிப்பாசிரியர் எனப் புதிய பெயர்கள் தோன்றின. முன்னர் ஒருவரிடத்தே இணைந்திருந்த அறிவு பலருக்குப் பகிரப்பட்டது. அண்ணாவியாருக்கு எஞ்சியவை மத்தளமும் ஆட்டமுமே. ‘அண்ணாவியார் என்பவர் அக்கால நெறியாளர்’ என இன்று விளக்கம் கூறுவோர், பின்னர் உடைந்த துண்டொன்றினைக் கொண்டு முழுமையை அளக்கின்றனர்.

1981 இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி அதே வந்தாறுமூலையில் நிறுவப்பெற்று, 1986 இல் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. அண்ணாவியார் ஒருவர் பல்கலைக்கழகத்தை நாடிச் சென்ற ஊருக்குப் பல்கலைக்கழகமே வந்து சேர்ந்தது. இடத்தூரம் நீங்கியது, மதிப்பின் தூரம் நீங்கியதா என்பதே வினா. கூத்துப் பற்றிய நம் ஆய்வேடுகளைப் புரட்டினால், நூலெழுதியோர் அறிஞர் எனவும் அண்ணாவிமார் ‘தகவலாளர்’ எனவும் வகுக்கப்படுவதைக் காணலாம். தகவலாளர் என்பவர் வினவியதற்கு விடை தருபவர், அண்ணாவியார் கற்பிப்பவர். அவரிடம் மாதக்கணக்கில் அமர்ந்து பெற்றதைத் தகவலெனப் பெயரிடுவது, பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பள்ளி செய்த விலக்கலை மறுபடியும் செய்வதேயாம். நம் ஆய்வேடுகளிலே அண்ணாவிமாரின் பெயர்கள் ஆசிரியர் வரிசையில் இடம்பெறுதல் வேண்டும். அச்சொல்லின் பழம்பொருள் கோருவதும் அதுவே.