காஜியின் தாளும் காஜிகள் சட்டமும்

கெங்கவல்லி, தம்மம்பட்டி, ஆத்தூர் வட்டாரத்தில் கணவன் மனைவியரிடையே பிணக்கு முற்றினால் அது பெரும்பாலும் முதலில் பள்ளிவாசல் ஜமாஅத்தின் முன்புதான் வருகிறது. முத்தவல்லியும் இமாமும் இரு வீட்டாரையும் அமரவைத்துப் பேசுகின்றனர். அவ்வாறு கூடி வாழத் தொடங்கிய குடும்பங்கள் பல. ஆயினும், பேச்சு முறிந்த பின் அங்கே எழுதித் தரப்படும் தாளுக்கு என்ன வலு என்பது நம்மில் பலருக்கும் தெளிவாக இல்லை. விடை 140 ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது.

சேலம் நாடு 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து கம்பெனியார் கைக்குச் சென்றது. கம்பெனி நீதிமன்றங்களில் காஜிகளும் முஃப்திகளும் ஷரீஅத்தை எடுத்துரைக்கும் அலுவலர்களாக இருந்தனர். 1864-ஆம் ஆண்டின் 11-ஆம் சட்டம் அப்பதவிகளை நீக்கியது. காஜியை அரசு நியமிப்பதும் அத்துடன் நின்றது. அரசு நியமித்த காஜியே நிகாஹ் நடத்த வேண்டும் என்ற வழக்கமுள்ள ஊர்களுக்கு இது பெரும் சங்கடம். இதற்குத் தீர்வாக சர் சையத் அகமது கான் கொண்டுவந்த மசோதா 1880-இல் காஜிகள் சட்டமாயிற்று. அது முதற்கண் சென்னை மாகாணத்திலேயே நடைமுறைக்கு வந்தது.

நான்கே பிரிவுகள் கொண்ட சிறிய சட்டம். அதன் நான்காம் பிரிவுதான் நமக்கு முக்கியம். இச்சட்டம் காஜிக்கு நீதி அதிகாரத்தையோ நிர்வாக அதிகாரத்தையோ வழங்கவில்லை. நிகாஹ்வுக்கு அவர் வந்தே ஆகவேண்டும் என்றும் கட்டாயப்படுத்தவில்லை. வேறொருவர் அப்பணியைச் செய்வதைத் தடுக்கவுமில்லை.

ஆங்கிலேயர் மார்க்கத்தின் கையைக் கட்டிவிட்டனர் என்று இதைக் குறை கூறுவோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்நிஸா அத்தியாயத்தின் 35-ஆம் வசனம் கணவன் தரப்பில் ஒருவர், மனைவி தரப்பில் ஒருவர் என இரு நடுவர்களை ஏற்படுத்தச் சொல்கிறது. அவர்கள் நாட வேண்டியது சமாதானம். இந்நடுவர்கள் தாமாகவே தம்பதியைப் பிரிக்கலாமா என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. மாலிக்கி மத்ஹபு அவர்களை நீதிபதிகளாகக் கருதிப் பிரிக்கவும் அனுமதிக்கிறது. ஹனஃபி மத்ஹபோ அவர்களைத் தம்பதியின் பிரதிநிதிகளாகவே கருதுகிறது. ஒப்புதல் பெறாமல் பிரிக்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்தும் இதுவே. தமிழகத்தில் நாம் பின்பற்றுவது பெரும்பாலும் இவ்விரு மத்ஹபுகளைத்தானே!

இந்த வேறுபாடு மறக்கப்பட்டதால்தான் விவகாரம் நீதிமன்றம் ஏறியது. வழக்கறிஞர் பதர் சயீத் தொடுத்த பொதுநல வழக்கில், 2017 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் காஜிகள் தலாக் சான்றிதழ் வழங்க இடைக்காலத் தடை விதித்தது. தலைமைக் காஜியின் சான்றிதழ் கருத்து மட்டுமே, நீதிமன்ற நடவடிக்கைகளில் அதற்குச் சட்ட வலு இல்லை என்றது. 2024 அக்டோபரில் மதுரைக் கிளையின் முன் வந்த மற்றொரு வழக்கில், தனியார் ஷரீஅத் கவுன்சில் ஒன்று கொடுத்த சான்றிதழைக் காட்டினார் கணவர். மனைவி தலாக்கை மறுத்தார். மறுப்பு எழுந்த இடத்தில் மணமுறிவை உறுதி செய்ய நீதிமன்றத்தால் மட்டுமே முடியும் என்று நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் தீர்ப்பளித்தார்.

பிரிவை நாடும் பெண்ணுக்கு 1939-ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம் நீதிமன்ற வழியைத் திறந்தே வைத்திருக்கிறது. அதை எடுத்துச் சொல்லாமல் ஒரு தாளை மட்டும் கொடுத்து அனுப்பினால், அவள் அதை நம்பி மறுமணம் செய்யக்கூடும். பின்னர் முதல் கணவன் தலாக்கே சொல்லவில்லை என்று மறுத்தால், வழக்கைச் சுமக்க வேண்டியவள் அவள்தான். தாளில் கையொப்பமிட்ட பெரியவர்கள் சாட்சிக் கூண்டில் நின்று, அது எங்கள் கருத்து என்று மட்டுமே சொல்ல முடியும்.