ஓட்டப்படும் பேயும் உடன் வாழும் பேயும்

பேய் ஒன்றின் கதையை மெல்லிய நகர்வும் நீண்ட மௌனமும் கொண்டு சொல்லும் திரைப்படம் எங்கே திரையிடப்பட்டாலும் பார்வையாளர்கள் இரண்டாகப் பிரிகிறார்கள். ஒரு சாரார் நெஞ்சைத் தொட்ட படம் என்று போற்றுகிறார்கள். மறு சாரார் ஒன்றுமே நடக்கவில்லை என்று சலித்து எழுந்து போகிறார்கள். இப்பிளவுக்குப் படிப்பையோ வயதையோ ரசனைப் பயிற்சியையோ காரணம் காட்டுவது திரை விமர்சனத்தில் வழக்கமாகிவிட்டது. கும்பகோணம் வட்டாரத்தின் கோயில் வழக்கங்களையும் கூத்து மரபையும் பேய் பற்றிய இலக்கியங்களையும் ஒருசேர வைத்துப் பார்த்தால், இப்பிளவு சினிமாவுக்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்டது என்பதும், பேயோடு மனிதர் நடந்துகொள்ளும் இரண்டு வேறு முறைகளில் அது வேர்கொண்டிருக்கிறது என்பதும் தெளிவாகும்.

கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறைக்குச் செல்லும் சாலையில் ஏறத்தாழ 10 கிலோமீட்டருக்குள் திருபுவனம், திருவிடைமருதூர் என்னும் இரண்டு பெருங்கோயில்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. இரண்டின் தலவரலாறும் ஒரே பேயைச் சுற்றி எழுந்தவை. வரகுண பாண்டியன் ஓர் இரவில் குதிரையேறி வரும்போது, வழியில் கிடந்த அந்தணர் ஒருவர் குளம்படி பட்டு இறந்துவிட, அறியாமல் நேர்ந்த அக்கொலையின் பழி பிரம்மஹத்தியாக, அதாவது அந்தணரைக் கொன்ற பாவம் பேயுருக் கொண்டதாக, மன்னனைப் பற்றிக்கொண்டது என்பது கதை. வேதாரண்யத்தில் பிறந்த பரஞ்சோதி முனிவர் தம் திருவிளையாடற் புராணத்தில் இதனை விரித்துரைத்துள்ளார். சொக்கநாதரின் ஆணைப்படி திருவிடைமருதூருக்கு வந்த மன்னன் மகாலிங்கசுவாமி கோயிலின் கிழக்கு வாயில் வழியாக உள்ளே நுழைந்தபோது, பிரம்மஹத்தி உள்ளே வர அஞ்சி வாயிலிலேயே நின்றுவிட்டது. மன்னனோ மேற்கு வாயில் வழியாக வெளியேறிப் பிழைத்தான். அவன் திரும்பி வருவான் என்று எண்ணி அது இன்றளவும் அங்கே காத்திருப்பதாக நம்பப்படுகிறது. கிழக்கு வாயிலில் அதன் உருவமும் இருக்கிறது. கிழக்கே நுழைந்தவர்கள் அதே வழியாகத் திரும்பாமல் வேறு வாயிலால் வெளியேறுவது இன்றும் கடைப்பிடிக்கப்படும் வழக்கம். இங்கே உற்று நோக்கத்தக்கது, அப்பேய் அழிக்கப்படவுமில்லை, சாந்தி செய்து அனுப்பப்படவுமில்லை என்பதே. கோயிலுக்கு வருகிற ஒவ்வொருவரும் தம் நடைவழியை அதன் இருப்புக்கு ஏற்ப அமைத்துக்கொள்கிறார்கள்.

மூன்றாம் குலோத்துங்க சோழன் (ஆட்சிக்காலம் 1178–1218) எழுப்பிய திருபுவனம் கோயிலின் மூலவர் கம்பகரேசுவரர். கம்பம் என்பது நடுக்கம். பிரம்மஹத்தி பற்றியதால் உடல் நடுங்கிய மன்னனின் நடுக்கத்தை நீக்கியவர் என்று அப்பெயருக்குத் தலபுராணம் விளக்கம் தருகிறது. அங்குள்ள சரபேசுவரர் சந்நிதிக்கு, காரணம் தெரியாத அச்சத்திலிருந்தும் பில்லி சூனியத்திலிருந்தும் விடுதலை வேண்டுவோர் இன்றும் வருகிறார்கள். ஆக, ஒரே கதையிலிருந்து இரண்டு வழக்கங்கள் கிளைத்துள்ளன: திருபுவனத்தில் நடுக்கம் தீர்க்கப்படுகிறது, திருவிடைமருதூரில் பேய் வாயிலில் இருக்கவே வழிபாடு நடக்கிறது. முன்னதை ஓட்டும் மரபு என்றும் பின்னதை உடன் வாழும் மரபு என்றும் இக்கட்டுரை குறிப்பிடும்.

ஓட்டும் மரபின் முழு வடிவத்தைத் தமிழகச் சிற்றூர்களில் நடக்கும் பேயோட்டும் சடங்கில் காணலாம். உடுக்கையும் பம்பையும் முழங்க, பேய் பிடித்தவரை ஆடவைக்கும் கோடாங்கி, அவர் உடலில் இறங்கியிருக்கும் பேயிடம் அதன் பெயர் என்ன, எந்த ஊர், எப்படிச் செத்தது, யார் மீது கோபம், என்ன வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். பேய் வாய்விட்டுத் தன் கதையைச் சொல்லியாக வேண்டும். கேட்டதைக் கொடுத்து, இனி வருவதில்லை என்று சத்தியம் வாங்கிக்கொண்டபின், பிடிபட்டவரின் உச்சிமயிரில் ஒரு கற்றையை மரத்தில் வைத்து ஆணியடித்துச் சடங்கை முடிப்பார்கள். கேள்வி, வாக்குமூலம், நிறைவு, விடுதலை என்று படிப்படியாக ஏறி முடிவைத் தொடும் இச்சடங்கில் கூடியிருப்போரின் மனமும் ஏறி, இறங்கி, அமைதியடைகிறது.

உடன் வாழும் மரபின் மூத்த குரல் காவிரி கடலோடு கலக்கும் பகுதியிலிருந்து எழுந்தது. 6ஆம் நூற்றாண்டினர் என்று அறிஞர்களில் பலர் கருதும் காரைக்கால் அம்மையார், தம் அழகிய உடலை உதறிப் பேயுருவை வேண்டிப் பெற்றவர். தம் பாடல்களில் தம்மைப் பேய் என்றே குறித்துக்கொள்பவர். அவருடைய மூத்த திருப்பதிகங்களில் வரும் சுடுகாட்டில் பேய்கள் பிறரைப் பழிவாங்க அலைவதில்லை. பிணம் எரிகிறது, கள்ளி நிற்கிறது, நரி ஊளையிடுகிறது, அவற்றின் நடுவே இறைவன் ஆடுகிறான், பேய் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் அப்பேயின் வேலை. கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடும் சிவனின் காலடியில் அமர்ந்திருக்கும் அம்மையாரின் சிற்பத்தையும், நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள 13ஆம் நூற்றாண்டுச் செப்புத் திருமேனியையும் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்: வற்றிய மார்பு, துருத்திய எலும்புகள், கையில் தாளம், முகத்தில் ஆழ்ந்த மகிழ்ச்சி. உலகக் கலையில் பேய் ஒன்று இவ்வளவு அமைதியான பார்வையாளராக வடிக்கப்பட்டிருப்பது அரிது.

பிற்காலச் சோழர் காலத்தில் இதற்கு நேர்மாறான துடிப்புடைய பேய்கள் பரணி இலக்கியத்தில் பெருகின. பரணி என்பது போர்க்களத்தில் வென்ற வீரனைப் பாடும் சிற்றிலக்கிய வகை. முதற் குலோத்துங்கனின் கலிங்கப் போரைப் பாடிய செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியில், பசியால் வாடும் பேய்கள் காளியிடம் முறையிடுகின்றன. போர்ச் செய்தியைக் கலிங்கத்திலிருந்து வந்த பேய் ஒன்றே சொல்கிறது. இறுதியில் பேய்கள் களத்தில் கூழ் அடுகின்றன. தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலை எழுப்பிய இரண்டாம் இராசராசனின் (ஆட்சிக்காலம் 1146–1173) அவையில் விளங்கிய ஒட்டக்கூத்தர் தக்கயாகப்பரணியிலும் இதே கட்டமைப்பைக் கையாண்டார். பசி தீரும்வரை ஓயாத பரணிப் பேய்களின் வேகமும் நகைச்சுவையும் வேறொரு சுவையை வளர்த்தன. அதே தாராசுரம் கோயிலின் அறுபத்துமூவர் சிற்பத் தொடரில் காரைக்கால் அம்மையாரும் இடம்பெற்றிருப்பதால், இரண்டு சுவைகளும் ஒரே மண்ணில், ஒரே அரசவையின் நிழலில் ஒன்றாகப் போற்றப்பட்டன என்பது உறுதியாகிறது.

அப்படியானால் பிற்காலத்தில் இவற்றுள் ஒன்று மட்டும் ஏன் பலருக்குச் சலிப்பூட்டுவதாயிற்று? இதற்கு விடை காண, கலையைப் பார்ப்பதற்கான நேரம் யாருடையதாக இருந்தது என்று ஆராய வேண்டும். பிரம்மஹத்தி காத்திருப்பதாகச் சொல்லப்படும் அதே திருவிடைமருதூரில், ஆதித்த கரிகாலன் காலத்ததாகிய 10ஆம் நூற்றாண்டின் கல்வெட்டு ஒன்று நாடகசாலை ஒன்றைக் குறிப்பிடுகிறது. ஊரார் அந்நாடகசாலையில் கூடி, ஆரியக்கூத்தின் ஏழு அங்கங்களை ஆடுவதற்காகக் கித்தி மறைக்காடன் என்னும் திருவெள்ளறைச் சாக்கைக்கு நிலம் வழங்கியதை அக்கல்வெட்டு பதிவு செய்கிறது. சாக்கைக் கூத்து என்பது பரம்பரைக் கூத்தர்கள் ஆடிய நாடக வகை. கேரளச் சாக்கியார்கள் ஆடும் கூடியாட்டத்தை அதன் உறவாக அறிஞர்கள் கருதுகின்றனர். கூடியாட்டத்தில் நாடகத்தின் ஓர் அங்கம் மட்டுமே பல இரவுகள் நீளும். ஒற்றைப் பார்வைக்கும் ஒற்றை நினைவுக்கும் நடிகர் நெடுநேரம் எடுத்துக்கொள்வார். திருவிடைமருதூர்க் கூத்தும் தைப்பூசம், வைகாசித் திருவாதிரை ஆகிய திருநாட்களை ஒட்டிப் பிரித்து ஆடப்பட்டது. கூத்தருக்கு ஊர் நிலம் கொடுத்துவிட்டதால், ஆட்டத்தை விரைவாக முடித்து அடுத்த கூட்டத்தை உள்ளே விட வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை. சீட்டு வாங்கி அமராத பார்வையாளரும் எழுந்து போகலாம், மறுநாள் வரலாம், தாம் விரும்பிய பகுதியை மட்டும் பார்க்கலாம்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நாடகம் கட்டணத் தொழிலாக மாறியபோது இந்த ஏற்பாடு மாறியது. பெண்களே எல்லா வேடங்களும் ஏற்ற கும்பகோணம் பாலாமணி அம்மாளின் நாடகக் குழு அக்காலத்தில் பெரும்புகழ் பெற்றிருந்தது. அதன் நாடகங்களைப் பார்ப்பதற்காகப் பக்கத்து ஊர்களிலிருந்து சிறப்பு ரயில் விடப்பட்டதாக நாடக வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன. சென்னையில் 1891இல் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார், விடிய விடிய நடந்த நாடகத்தைச் சில மணி நேரத்துக்குள் அடக்கினார். ரயிலுக்கும் சீட்டுக்கும் கட்டுப்பட்ட அவையில், செலுத்திய கட்டணத்துக்கு ஈடான நிகழ்ச்சியை எதிர்பார்ப்பது நியாயமான உரிமையாயிற்று. பின்னர் வந்த திரையரங்கு அந்த உரிமையைக் காட்சி நேரங்களாகவும் இடைவேளையாகவும் நிலைப்படுத்தியது. ஓட்டும் மரபின் கட்டமைப்பு இந்த நேரக் கணக்குக்கு இயல்பாகப் பொருந்தியது. உடன் வாழும் மரபுக்கு அதில் இடம் சுருங்கியது.

தமிழ்ப் பேய்ப் படங்களின் அமைப்பைக் கோடாங்கியின் சடங்கோடு ஒப்பிட்டால் இது புலப்படும். 2011இல் வெளிவந்த ‘காஞ்சனா’வில் நாயகனின் உடலில் இறங்கிய ஆவிகள் தாங்கள் கொல்லப்பட்ட கதையைச் சொல்லி, பழி தீர்த்து, அமைதியடைகின்றன. பேயை மனநோயாக விளக்கிய ‘சந்திரமுகி’யும் (2005) இறுதியில் அதே சடங்கின் வடிவத்தையே மேற்கொள்கிறது. இரண்டாம் பாதியில் வரும் முன்கதைதான் பேயின் வாக்குமூலம், உச்சக்கட்டமே ஆணியடிப்பு. இப்படங்களை விரும்பும் பார்வையாளரை ரசனையற்றவர் என்பது பெரும் தவறு. துயரத்துக்குக் காரணமும் தீர்வும் உண்டு என்று உறுதியளிக்கும் பழமையான ஒரு சடங்கின் பயனை அவர் பெறுகிறார்.

இரண்டு மரபுகளும் ஒரே கதையில் மோதிய தெளிவான நிகழ்வு இந்தித் திரைப்பட வரலாற்றில் உண்டு. ராஜஸ்தானி எழுத்தாளர் விஜய்தான் தேத்தாவின் கதையை மணி கௌல் 1973இல் ‘துவிதா’ என்ற பெயரில் படமாக்கினார். புதுமணப் பெண் மீது காதல் கொண்ட பேய், வணிகத்துக்காக வெளியூர் சென்ற கணவனின் உருவில் வந்து அவளோடு வாழ்கிறது. கணவன் திரும்பியதும் பிடித்து அடைக்கப்படுகிறது. அசையாத முகங்களும் குறைந்த பேச்சும் கொண்ட அப்படம் மணி கௌலுக்குச் சிறந்த இயக்குநருக்கான தேசிய விருதைப் பெற்றுத் தந்தது. ஆனால் சத்யஜித் ராய் போன்ற பெரும் கலைஞரே அதன் போக்கைக் குறை கூறி எழுதினார். அதே கதையை அமோல் பாலேகர் 2005இல் ஷாருக் கானைக் கொண்டு ‘பஹேலி’யாக எடுத்தபோது, பேய் கணவனின் உடலுக்குள் புகுந்து மனைவியோடு நிலைத்துவிடுவதாக முடிவை மாற்றி, பார்வையாளரின் கலக்கத்தை நீக்கினார். ‘துவிதா’ அக்கலக்கத்தைப் பார்வையாளரிடமே விட்டுவைக்கிறது. அமெரிக்க இயக்குநர் டேவிட் லோவரியின் ‘அ கோஸ்ட் ஸ்டோரி’ (2017) வீட்டை விட்டுப் போகாமல் காலங்காலமாகக் காத்திருக்கும் பேயைக் காட்டியபோதும், துக்கத்தில் இருக்கும் மனைவி தரையில் அமர்ந்து தின்பண்டம் ஒன்றைச் சில நிமிடங்கள் தொடர்ந்து உண்ணும் ஒரே காட்சியைப் பற்றிப் பார்வையாளர்கள் இதேபோல் பிரிந்து வாதிட்டார்கள்.

காவிரிப் படுகைக்கு மிக அணுக்கமான எடுத்துக்காட்டு லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் ‘நண்பகல் நேரத்து மயக்கம்’. வேளாங்கண்ணிக்கு வந்துவிட்டுக் கேரளத்துக்குத் திரும்பும் மலையாளிகளின் பேருந்திலிருந்து, நண்பகல் உறக்கம் கலைந்த ஜேம்ஸ் இறங்கி, ஒரு தமிழ்ச் சிற்றூரின் வீட்டுக்குள் நுழைந்து, இரண்டாண்டுகளுக்கு முன் காணாமற்போன சுந்தரமாகவே தமிழ் பேசி வாழத் தொடங்குகிறார். மம்மூட்டி நடித்துத் தயாரித்த இப்படத்தில், தேனி ஈஸ்வரின் கேமரா பெரும்பாலும் அசையாமல் நிற்க, தெருவிலும் வீட்டிலும் பழைய தமிழ்ப் பாடல்களும் திரைவசனங்களும் ஓயாமல் ஒலிக்கின்றன. பார்வையிழந்த தாய் வந்தவரைத் தயங்காமல் மகனாக ஏற்கிறார். வீட்டாரில் சிலர் எதிர்க்கிறார்கள். மனைவி பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். கோடாங்கி வருவதில்லை, வாக்குமூலம் கேட்கப்படுவதில்லை. மறுநாள் இன்னோர் உறக்கத்துக்குப் பின் ஜேம்ஸ் ஜேம்ஸாகவே எழுந்து பேருந்துக்குத் திரும்புகிறார். 2022 டிசம்பரில் கேரள சர்வதேசத் திரைப்பட விழாவில் இடம் பிடிக்கப் பெருங்கூட்டம் முண்டியடித்தது; பார்வையாளர் வாக்கெடுப்பு விருதும் இதற்கே கிடைத்தது. 2023 ஜனவரியில் திரையரங்குக்கு வந்தபோதோ, இரண்டு மணி நேரத்துக்கும் குறைவான இப்படம் நீள்கிறது என்ற குறையும், சுந்தரத்துக்கு என்ன ஆயிற்று என்று சொல்லவில்லையே என்ற கேள்வியும் எழுந்தன. அக்கேள்வி, பேயிடம் கோடாங்கி கேட்கும் கேள்வியே. திரைப்பட விழாவில் நாட்களை ஒதுக்கி வந்தவர்களும், ஒரு காட்சிக்குச் சீட்டு வாங்கி வந்தவர்களும் வெவ்வேறு நேரக் கணக்கோடு அமர்ந்திருந்தார்கள் என்பதையும் இங்கே சேர்த்தே எண்ண வேண்டும்.

ஆகவே, மெதுவான பேய்ப் படத்தைக் கொண்டாடுவோரும் கைவிடுவோரும் அறிவில் உயர்ந்தோரும் தாழ்ந்தோருமாகப் பிரிக்கப்படத் தக்கவர்கள் அல்லர். அவர்கள் ஒரே நாட்டின் இரண்டு தொன்மையான வழக்கங்களுக்கு உரியவர்கள், இரண்டுமே மனிதருக்குத் தேவையானவை. இவற்றுள் ஓட்டும் மரபைச் சந்தையே காத்துக்கொள்ளும். உடன் வாழும் மரபு, தனக்கென நேரத்தை யாரேனும் ஒதுக்கித் தந்தால் மட்டுமே நிலைக்கும். அரசு மானியத்தாலோ திரைப்பட விழாக்களாலோ ஊர்த் திரைப்படச் சங்கங்களாலோ இத்தகைய படங்களுக்கு இடமளிப்பது அயல்நாட்டு ரசனைக்குச் செய்யும் சலுகை என்று எண்ணுவோர், திருவிடைமருதூர் ஊரார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நாடகசாலையில் கூடி, கூத்தருக்கு நிலத்தையும் ஊருக்கு நேரத்தையும் ஒருசேர வழங்கி எடுத்த முடிவை அறிந்துகொள்வது நல்லது. இன்றைய தமிழகம் அதனைத் தன் சொந்த மரபாக மீட்டெடுக்க முடியும்.