கொம்பிரசர் வாங்கப் போகும் தம்பிமாருக்கு: காற்றை அடைத்த கதை

கொஞ்சம் நீளமான பதிவு, நேரம் இருக்கும்போது வாசியுங்கள்.

வெளிநாட்டில் உழைத்துவிட்டு வந்து, வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டில் போட்டு, டிங்கரிங், பெயின்ட், மரவேலை என்று தொடங்கும் பிள்ளைகள் நம் ஊரில் கூடிக்கொண்டு வருகிறார்கள். என்னிடம் படித்த சிலர், "சேர், எத்தன எச்.பி. கொம்பிரசர் எடுக்கிற?" என்று கேட்கிறார்கள். நான் மெக்கானிக் இல்லை, வரலாறு படிப்பிக்கிறவன். ஆனாலும் இந்தக் கேள்விக்கு வரலாற்றில் ஒரு விடை இருக்கிறது: குதிரைவலு முதல் கேள்வியே இல்லை. எவ்வளவு காற்று வேண்டும், அது எவ்வளவு அமுக்கத்தில் வேண்டும் என்று கேட்க வேண்டும். இவை இரண்டும் வெவ்வேறு.

நம் நாட்டிலிருந்தே தொடங்குவோம். சமனலவெவ அணை கட்டப்பட்ட காலத்தில் அந்தப் பகுதியில் ஆய்வு செய்த ஜில் ஜூலெஃப் என்ற பிரித்தானியத் தொல்லியலாளர், மேற்கைப் பார்த்த மலைச்சரிவுகளில் வரிசையாகப் பழைய இரும்பு உலைகளைக் கண்டார். 7 ஆம் நூற்றாண்டு முதல் 11 ஆம் நூற்றாண்டு வரை இயங்கியவை. அங்கே துருத்தி ஊத ஆள் தேவைப்படவில்லை. தென்மேற்குப் பருவக்காற்று உலையின் முன்சுவருக்கு மேலால் வேகமாகப் போகும்போது அங்கே அமுக்கம் குறைகிறது. அதனால் கீழே உள்ள மண்குழாய்கள் வழியாக வெளிக்காற்று தானாகவே உள்ளே இழுபடுகிறது. 1994 இல் அதே மாதிரி உலை கட்டி, அதே காற்றில் இரும்பு உருக்கிப் பார்த்தார்கள். நல்ல உருக்கு கிடைத்தது. ஆய்வு 1996 இல் 'நேச்சர்' சஞ்சிகையில் வெளிவந்தது. இதே காலப்பகுதியில், 9 ஆம் நூற்றாண்டு பக்தாதில், அல்கிந்தி வாள்களைப் பற்றி எழுதிய நூலில் ஸரந்தீப் வாள்களுக்குத் தனி இடம் கொடுத்திருக்கிறார். நம் பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை என்பது எனக்கு ஒரு குறை.

இங்கே கவனிக்க வேண்டியது, அந்த உலைக்கு அமுக்கம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. அதற்குத் தேவைப்பட்டது மணிக்கணக்கில் நிற்காமல் வரும் காற்று மட்டும்தான்.

இனி அமுக்கத்தின் கதை. இன்றைய கொம்பிரசரின் உள்ளே இருப்பது ஒரு உருளை, முன்னும் பின்னும் போய்வரும் ஒரு முசலம், ஒரு பக்கம் மட்டும் திறக்கும் வால்வுகள். தியார்பக்ரில் ஆர்துகிய அரசவையில் பணியாற்றிய அல்ஜஸரி 1206 இல் முடித்த நூலில் இந்த மூன்றும் சேர்ந்த இரட்டை உருளைப் பம்பின் படம் இருக்கிறது. ஆனால் அவர் அதைத் தண்ணீர் ஏற்றத்தான் வரைந்தார். "கொம்பிரசரைக் கண்டுபிடித்தது அல்ஜஸரி" என்று போஸ்ட் போடுகிறவர்கள் தயவுசெய்து இதைக் கவனியுங்கள். அவருடைய பெருமைக்கு உள்ளதே போதும்.

அடைத்த காற்று பெரிய வேலை செய்யும் என்பதை உலகத்துக்குக் காட்டியது அல்ப்ஸ் மலை. பிரான்ஸையும் இத்தாலியையும் இணைக்க 12 கிலோமீற்றருக்கு மேல் நீளமான சுரங்கப்பாதையை 1857 இல் தோண்டத் தொடங்கினார்கள். முதலில் கையால் துளைத்தார்கள். நீராவி இயந்திரத்தை உள்ளே கொண்டுபோனால் புகையில் ஆட்கள் மூச்சுமுட்டிப் போவார்கள். ஜெர்மைன் சொமெய்யே என்ற பொறியியலாளர் வெளியே ஓடும் மலைநீரின் விசையால் காற்றை அடைத்துக் குழாய் வழியாக உள்ளே அனுப்பினார். 1861 முதல் அந்தக் காற்று துளையிடும் இயந்திரத்தை ஓட்டியது. ஓட்டிவிட்டு வெளியேறிய அதே காற்றைத் தொழிலாளர்கள் சுவாசித்தார்கள். கால் நூற்றாண்டு ஆகும் என்று கணித்த வேலை 1871 இல் முடிந்தது. திறப்பு விழாவுக்குச் சில வாரங்களுக்கு முன் சொமெய்யே இறந்துபோனார்.

பெயின்ட் அடிப்பவர்களுக்கு வேறொரு முன்னோர் இருக்கிறார். அமெரிக்காவின் ஒஹையோவில் டிவில்பிஸ் என்ற வைத்தியர், நோயாளிகளின் தொண்டைக்கு மருந்து தெளிக்க 1880களில் ஒரு சிறு தெளிப்பான் செய்தார். அவருடைய மகன் தோமஸ் அதையே பெருப்பித்து 1907 இல் பெயின்ட் தெளிக்கும் துவக்காக்கினார். தொண்டை மருந்துக்குக் கைப்பந்து ஒன்றின் காற்றுப் போதும். கதவு ஒன்றுக்குப் போதாது. ஸ்ப்ரே கன்னுக்கு அமுக்கம் 2, 3 பார்தான் வேண்டும். ஆனால் காற்று குடம் குடமாக வேண்டும். கார் டயருக்கும் அமுக்கம் ஏறக்குறைய அவ்வளவுதான்: 30, 35 பி.எஸ்.ஐ. ஏற்ற வேண்டும், ஆனால் காற்றின் அளவு கொஞ்சம்தான், ஆறுதலாக ஏறினாலும் பரவாயில்லை.

ஒரு கணக்குப் பார்ப்போம். ஒன்றரை எச்.பி. இயந்திரம் நிமிடத்துக்கு 120 லீற்றர் காற்றுத் தருகிறது என்று வையுங்கள். உங்கள் கன் 200 லீற்றர் கேட்கிறது. 80 லீற்றர் துண்டு விழுகிறது. 50 லீற்றர் தாங்கி 8 பாரிலிருந்து 3 பாருக்கு இறங்கும்போது, 1662 இல் வெளியான போயிலின் விதிப்படி, தருவது 250 லீற்றர். மூன்று நிமிடத்தில் கன் இருமத் தொடங்கும். மோட்டர் ஓய்வே இல்லாமல் ஓடும். பெரிய தாங்கி அந்த நேரத்தைக் கொஞ்சம் நீட்டும், அவ்வளவுதான். தாங்கி காற்றை உண்டாக்குவதில்லை. எனவே முதலில் நீங்கள் பாவிக்கப்போகும் கருவியின் தேவையைப் பாருங்கள். பிறகு கடைக்காரரிடம், முசலம் இழுக்கும் அளவை அல்ல, உண்மையில் வெளியே வரும் காற்றின் அளவைக் கேளுங்கள். பெட்டியில் பெரிய எழுத்தில் அச்சடிப்பது அநேகமாக முதலாவதைத்தான். இரண்டாவது கணிசமாகக் குறைவாக இருக்கும். டயருக்கும் தூசு ஊதவும் என்றால் சிறியது தாராளம், வீணாகக் காசு கொட்ட வேண்டாம்.

அடுத்தது தாங்கி. இதற்காகத்தான் இந்தப் பதிவையே எழுதுகிறேன். டெனிஸ் பபின் 1679 இல் காட்டிய அமுக்கச் சமையல் பாத்திரத்தோடுதான் பாதுகாப்பு வால்வின் கதையும் தொடங்குகிறது. ஆனால் மனிதர்கள் அதன் பெறுமதியை உணர இரண்டு நூற்றாண்டுக்கு மேல் ஆனது. 1905 மார்ச் 20 இல் அமெரிக்காவின் ப்ரொக்டன் நகரத்துச் சப்பாத்துத் தொழிற்சாலையில் ஒரு பழைய கொதிகலன் வெடித்துக் கூரையைப் பிய்த்துக்கொண்டு பறந்தது. 58 பேர் மரணித்தார்கள். அதன் பிறகுதான் அந்த மாநிலத்தில் கொதிகலன் சட்டம் வந்தது. அமுக்கப் பாத்திரத்தின் தகடு எவ்வளவு தடிப்பு, ஒட்டு எப்படி, சோதனை எப்படி என்ற விதிகள் அந்த வழியில் வளர்ந்தவை. அடைத்த காற்றும் நீராவியைப் போலத்தான் வெடிக்கும்.

பழைய கேஸ் சிலிண்டரை வெட்டி ஒட்டிச் செய்த தாங்கியை, எத்தனை ஆயிரம் மிச்சம் என்றாலும், பிள்ளைகள் ஓடித்திரியும் வளவில் வைக்காதீர்கள். செகண்ட்ஹாண்ட் எடுப்பதென்றால் தாங்கியின் அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். துருக்கட்டி, ஒட்டுப்போட்ட தழும்பு இருந்தால் விட்டுவிடுங்கள். சந்தேகம் இருந்தால் தண்ணீரை நிரப்பி அமுக்கிச் சோதிக்கும் ஆளிடம் கொடுங்கள். தண்ணீர் சுருங்காது, அதனால் தாங்கி கிழிந்தாலும் வெடித்துச் சிதறாது. காற்றை வைத்து ஒருபோதும் சோதிக்கக் கூடாது. பாதுகாப்பு வால்வு ஒழுகுகிறது என்று ஆணி போட்டு அடைப்பவர்களையும் கண்டிருக்கிறேன்.

பொருத்தும்போது, கொம்பிரசருக்கு மெயின் போர்டிலிருந்து தனி வயர் இழுங்கள். மோட்டர் கிளம்பும் நொடியில் ஓடும்போது எடுப்பதைப்போல் பல மடங்கு கரண்ட் எடுக்கும். நீளமான மெல்லிய எக்ஸ்டென்ஷன் கோர்டில் வோல்ட் விழுந்து சுருள் எரியும். தூரம் வேண்டுமென்றால் காற்றுக் குழாயை நீட்டுங்கள், வயரை அல்ல. நிரந்தரக் குழாய்க்குத் தண்ணீர் பி.வி.சி. வேண்டாம், உடைந்தால் கண்ணாடிபோலச் சிதறும். காற்று உள்ளே போகும் வாயை பெயின்ட் புகையும் மரத்தூளும் படாத பக்கம் திருப்பி வையுங்கள்.

கடைசியாக, தண்ணீர். காற்றை அடைத்தால் சூடாகும், தாங்கியில் ஆறும்போது அதிலுள்ள நீராவி ஒடுங்கி அடியில் தேங்கும். கடற்கரை ஊரான நமக்கு இது இன்னும் அதிகம். பெயின்டில் கொப்புளம் போடுவதும் தாங்கியை உள்ளிருந்து தின்பதும் இந்தத் தண்ணீர்தான். கன்னுக்கு முன்னால் ஒரு நீர்வடிகட்டி போடுங்கள். வேலை முடிந்து அமுக்கத்தை இறக்கியபின் அடியில் உள்ள சின்னக் குழாயைத் திறந்து வையுங்கள். கொஞ்சம் மங்கலாக வந்தால் பயப்பட வேண்டாம். செங்கல் நிறத்தில் துருத் துகளோடு வந்தால் அந்தத் தாங்கியின் காலம் முடிந்துவிட்டது.