அன்னத்துக்குப் போட்ட வாக்கு

2010 ஜனவரி 26, ஜனாதிபதித் தேர்தல். யுத்தம் முடிந்து எட்டு மாதம்தான். யுத்தத்தை நடத்திய இராணுவத் தளபதி சரத் பொன்சேகா அன்னச் சின்னத்தில் கேட்கிறார். இந்த நாடு சிங்களவர்களுக்குச் சொந்தமானது என்று 2008இல் கனடாப் பத்திரிகையொன்றுக்குச் சொன்னவரும் இவரேதான்.

ஆனாலும் அவர் வென்ற ஆறு மாவட்டங்களைப் பாருங்கள்: யாழ்ப்பாணம், வன்னி, மட்டக்களப்பு, திருகோணமலை, நுவரெலியா, நம்மட திகாமடுல்ல. எல்லாமே தமிழரும் முஸ்லிம்களும் செறிந்து வாழும் இடங்கள். தமிழ்க் கூட்டமைப்பும் முஸ்லிம் காங்கிரஸும் ஆதரித்தது உண்மை. ஆனால் கட்சி சொன்னதற்காக மட்டும் சனம் போடவில்லை. மஹிந்தவை அசைக்க அப்போது வேறு ஆள் கண்ணில் படவில்லை. அது பொன்சேகாவுக்கு விழுந்த வாக்கல்ல, மஹிந்தவுக்கு எதிராக விழுந்த வாக்கு. (வாக்காளர் இடாப்பில் பெயரில்லாததால் பொன்சேகாவே அன்று தனக்கு வாக்களிக்கவில்லை!)

தோற்று இரண்டு வாரத்துக்குள் கைது. பிறகு இராணுவ நீதிமன்றம், சிறை, ஏப்ரலில் வென்ற பாராளுமன்ற ஆசனமும் பறிபோனது. 2015இல் மைத்திரி ஆட்சி மன்னிப்பும் பீல்ட் மார்ஷல் பதவியும் கொடுத்தது. அதே வருடம் தன் கட்சியில் கேட்டு ஒரு ஆசனமும் இல்லை; அடுத்த வருடம் ஐக்கிய தேசியக் கட்சியின் தேசியப்பட்டியலால் உள்ளே போய் அமைச்சரானார்.

2024இல் சுயேச்சையாக மீண்டும் ஜனாதிபதித் தேர்தல் கேட்டார். 2010இல் 41 இலட்சத்துக்கு மேல் எடுத்தவருக்கு இம்முறை நாடு முழுவதும் கிடைத்தது 22,407 வாக்குகள்.